ஸ்ரீரங்கன் சாருக்கு எந்த செக்‌ஷன்

— இன்னா மேடம் இது, நான் திருப்பதி போய்ட்டு வர்றதுக்குள்ள ஸ்கூலையே திருப்பிப் போட்டுட்டீங்க? உங்க ரூமத் தொறந்தா பத்தாவது பி புள்ளைங்கோ ஏசியில குந்திகினு கீது. நீங்க இன்னாடான்னா இங்க தண்ணி சம்ப்பாண்ட டேபிள் போட்டுகினு கீறீங்க.

— உக்காருங்க கேசவன் சார். அந்த சேர் ஆடும், இதுல உக்காருங்க.

— குந்துறதுக்கு வரல. காரஸ்பாண்டென்ட்னு போர்டுல எம்பேரு கீதா இல்லியா?

— இருக்கு சார். அதுக்குக் கீழ ஞானாம்பாள், பிரின்சிபால்னு என் பேரும் இருக்கு. எந்தக் கிளாஸ் எங்க உக்காரணும், யார் பாடம் எடுக்கணும், எல்லாம் உங்க இஷ்டம் மேடம்னு நான் சேர்ந்த அன்னிக்கு நீங்கதான் சொன்னீங்க.

— சொல்றதுதான் மேடம். எந்த ஸ்கூல்லயும் அப்டித்தான் சொல்லுவாங்கோ. அதுக்குன்னு செஞ்சிடுவீங்களா?

— செஞ்சுட்டேன். நீங்க ஊர்ல இருந்திருந்தா விட்டிருக்க மாட்டீங்க. அதான் நீங்க மலை ஏறினதும் செஞ்சேன்.

— அத வேற எம்மூஞ்சிக்கு நேரா சொல்றீங்க.

— பின்னாடி போய் சொல்ற பழக்கம் எனக்கு இல்ல சார். இருங்க, லாரி வந்துடுச்சு. இப்ப மோட்டார் போடுவான், கொஞ்சம் சத்தமா பேசுங்க.

— இன்னாது?

— சத்தமா பேசுங்கன்னேன். காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் தண்ணி லாரி வந்துட்டே இருக்கு. ஒவ்வொரு லாரிக்கும் இந்தக் கூத்துதான். ஜூன்லேர்ந்து பி செக்‌ஷன் பசங்க இந்த ரூம்லதான் சார் உக்காந்திருந்தாங்க. டீச்சர் வாய் அசையறது தெரியும், என்ன சொல்றாங்கன்னு கேக்காது. அப்புறம் டெஸ்ட் வெச்சுட்டு, பாரு, இதுங்களுக்கு ஒண்ணும் ஏறலன்னு நாம பேசிக்கறோம்.

— செரி, ரூம உடுங்க. ரூம் மேட்டர நான் கண்டுக்கல. ஸ்ரீரங்கன் சார இன்னாத்துக்கு ஏ-லேந்து தூக்கி பி-ல போட்டீங்க? ஸ்கூல் ஆரம்பிச்ச நாள்லேந்து அவரு ஏ-க்குத்தான் கணக்கு எடுக்கிறாரு. அந்த மனுசன் பேரச் சொல்லித்தான் மேடவாக்கம் ஃபிளாட்டுக்காரங்கோ அம்மாந்தூரத்துலேந்து வேன் வெச்சு அனுப்புறாங்க.

— அதனாலதான் சார் மாத்தினேன். நல்லா கணக்கு சொல்லிக் குடுக்கறவர் கணக்கு வராத பசங்ககிட்ட போகட்டும். டாக்டரை ஆரோக்கியமா இருக்கறவங்க வார்டுல உக்கார வெச்சு என்ன பிரயோஜனம்?

— அப்ப ஏ புள்ளைங்களுக்கு?

— சின்மயி.

— அந்தச் சின்னப் பொண்ணா? நேத்து பி.எட் முடிச்சிட்டு வந்தது மேடம் அது.

— அந்தச் சின்னப் பொண்ணைத்தான் ஜூன்ல பி-க்குப் போட்டோம். அப்ப நீங்க ஒரு வார்த்தை கேக்கல. புதுசா யார் வந்தாலும் பி-ல தள்ளிடறது. அங்க அடிபட்டு, அழுது, பாடம் நடத்தக் கத்துக்கிட்டாங்கன்னா ஏ-க்குக் கூப்பிட்டுக்கறது. கத்துக்கற டீச்சர் கைபழகறதுக்குன்னே பி பசங்களை வெச்சிருக்கோம். இது எனக்கு வெக்கமா இருக்கு சார். இந்த ஸ்கூல் பிரின்சிபால்னு வெளிய சொல்லிக்கவே வெக்கமா இருக்கு.

— ஏ புள்ளைங்க மார்க்கு எறங்கிச்சுன்னா யாரு ஜவாப்பு?

— எறங்காது. ஏ பசங்க அத்தனை பேரும் பொழுது விடியறதுக்கு முன்னாடியே டியூஷன் போய்ட்டு வராங்க. சின்மயி போர்டுல தப்பா போட்டாக்கூட அவங்களே எழுந்து திருத்துவாங்க. அவங்க மார்க் டியூஷன் சென்டரோட மார்க் சார். ரிசல்ட் வந்ததும் அவங்க போட்டோவைப் போட்டு தாம்பரம் ரோடு முழுக்க நாம ஃப்ளெக்ஸ் கட்டறோம். பி பசங்களுக்கு இந்த ஸ்கூலை விட்டா வேற யாரும் சொல்லித்தர ஆள் இல்ல.

— நல்லாத்தான் பேசறீங்க. வாட்ஸாப் குரூப்புல இன்னா ஓடிகினு கீதுன்னு தெரியுமா உங்களுக்கு? ஸ்ரீரங்கன் சார் எங்க, எங்க புள்ளைக்கு இன்னாத்துக்கு டிரெயினிங் டீச்சர்னு ராவெல்லாம் டொய்ங் டொய்ங்னு வந்துகினே கீது. ஐடி கம்பெனி மேனேஜர் ஒர்த்தரு மொத்தமா டீசி வாங்கிடலாம்னு வாய்ஸ் மெசேஜ் போட்டுகீறாரு. எம்பேரன் ஷ்யாம்சுந்தரும் அந்த ஏ-லதான் கீறான். அதுனா ஞாபகம் கீதா?

— நல்லா ஞாபகம் இருக்கு. நல்ல பையன். அவனுக்கு ஒண்ணும் ஆகாது.

— எங்க வூட்டுல ஆகும் மேடம். எனக்கு ஆகும். எம்மருமவ மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீது.

— சார், ஜூன்ல உங்க வீட்டுக்கே வந்து கேட்டேன். ரெண்டு செக்‌ஷனையும் கலந்துடலாம், மார்க் பாத்துப் பிரிக்க வேண்டாம், ஸ்ரீரங்கனும் சின்மயியும் மாத்தி மாத்தி ரெண்டு ரூமுக்கும் போகட்டும்னு. நீங்க என்ன சொன்னீங்க?

— பால்ல தண்ணி கலக்காதீங்கன்னேன்.

— அந்தத் தண்ணிக்குப் பேர் இருக்கு சார். பட்டு. அவங்க அம்மா கோவளத்துலேர்ந்து மீன் கொண்டுவந்து சேலையூர் மார்க்கெட்ல விக்கறாங்க. ஒன்பதாவது முடிஞ்சதும் அவளுக்கு டீசி குடுத்துடுங்க, பத்தாவது ரிசல்ட் கெடும்னு நீங்க சொன்னீங்க. முடியாதுன்னு நான் சொன்னேன்.

— ஆமா, அப்பவே நான் உசாராயிருக்கணும்.

— நேத்து ஸ்ரீரங்கன் போர்டுல ஒரு கணக்கை வேணும்னே தப்பா போட்டுட்டு, சாக்பீஸை மேசை மேல வெச்சுட்டு, கைகட்டி நின்னுட்டார். அப்புறம் பட்டு எழுந்து போனா சார். யாரும் கூப்பிடல. அழுத்தி எழுதப் போய் சாக்பீஸ் ஒடஞ்சுது. அந்த வரியைக் கையால அழிச்சு, கீழ கெடந்த சாக்பீஸ் துண்டை எடுத்து சரியா எழுதிட்டு வந்து உக்காந்தா. நான் கதவுக்கு வெளிய நின்னு அழுதேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் அப்படி அழுததில்ல.

— சினிமால வெச்சா ஜனம் கை தட்டும் மேடம். பேரன்ட்ஸு தட்ட மாட்டாங்கோ.

— ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க படிச்சப்போ எந்த பெஞ்ச் சார்?

— கடைசி பெஞ்ச். இதுல இன்னா ரகசியம்? நான் பத்தாவது ஃபெயிலுன்னு இந்த ஏரியாவுக்கே தெரியும்.

— உங்களுக்கு ஒரு ஸ்ரீரங்கன் கெடச்சிருந்தா?

— பாஸாயிருப்பேன். அப்டியே பி.எட்டும் முடிச்சிட்டு, உங்கள மாதிரி எவனோ ஒரு காரஸ்பாண்டென்டாண்ட இப்டி பேச்சு வாங்கிகினு இருப்பேன்.

— நல்ல பதில். ஆனா உங்களுக்கு அப்பா விட்டுட்டுப் போன நிலம் இருந்தது. ஃபெயிலானாலும் ஸ்கூல் கட்ட முடிஞ்சுது. பட்டு ஃபெயிலானா மறுநாளே மீன் கூடையைத் தூக்கணும். வெயில்ல அவங்க அம்மா படற பாட்டை நீங்களே மார்க்கெட்ல பாத்திருப்பீங்க.

— மேடம், நான் சுத்தி வளச்சுப் பேசல. நாளைக்குக் காலையில ஸ்ரீரங்கன் சார் ஏ-ல நிக்கணும். இல்லாங்காட்டி நீங்க வேற ஸ்கூல் பாத்துக்குங்க.

— பாத்துக்க மாட்டேன்.

— இன்னாது?

— மோட்டார் சத்தத்துல காதுல விழலியா? போக மாட்டேன்னேன். ராஜினாமா எழுதித் தரவும் மாட்டேன். வேணும்னா நீங்க என்னை அனுப்புங்க. கணக்கு வராத பிள்ளைங்களுக்கு நல்ல கணக்கு வாத்தியாரைப் போட்டதுக்காக இந்த அம்மாவை வேலையை விட்டு எடுக்கறேன்னு காரணம் எழுதி, சீல் வெச்சுக் குடுங்க. வீட்டு வாசல்ல ஃப்ரேம் போட்டு மாட்டிக்கறேன்.

— பேஜாரு மேடம் உங்களோட. யாரு அது, கதவாண்ட? வாட்ச்மேனா? இன்னா தனக்கோடி?

— ஐயா, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா. அம்மாவைத் தேடிக்கிட்டு வந்தேங்க. கேட்டுல ஒரே கூட்டம். கார் மேல கார் வந்து நிக்குது. கேட்டா, ஏ செக்‌ஷன் அப்பா அம்மாங்கன்னு சொல்றாங்க. பிரின்சிபாலைப் பாக்காம போக மாட்டாங்களாம்.

— வந்துட்டாங்களா? பாத்துக்குங்க மேடம். நான் சொன்னா எடுபடாது. அவங்களாண்ட போய் சொல்லுங்க உங்க சாக்பீஸ் கதைய.

— சொல்லத்தான் போறேன். தனக்கோடி, கேட்டைத் தொறந்து எல்லாரையும் உள்ள விடுங்க. மரத்தடியில நிக்கச் சொல்லுங்க, வரேன். எத்தனை பேர் கத்தினாலும் ஸ்ரீரங்கன் பி-லதான் இருப்பார்.

— கத்தலீங்கம்மா. அவங்க வந்த சேதியே வேறங்க. புள்ளைங்களை பி-க்கு மாத்திக் குடுங்கன்னு கேக்கறாங்க.

— யோவ், செரியா கேட்டியா? ஏ-லேந்து பி-க்கா?

— எனக்கும் நம்பிக்கை இல்லாம திருப்பிக் கேட்டேங்க ஐயா. பி-தான் வேணுமாம். ஸ்ரீரங்கன் சார் எங்க இருக்காரோ அங்க போகணுமாம். அங்க ஏசி வேற இருக்காமேன்னு ஒருத்தர் விசாரிச்சாரு.

— பி-ய கேட்டு வாங்குறதுக்கு கியூ நிக்குதா? எவன்யா அது மொத ஆளு?

— நம்ம சின்னம்மாதாங்க.

— எம்மருமவளா?

— ஆமாங்க. மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன், நீ போய் பிரின்சிபாலைக் கூப்பிடுன்னாங்க.

— தனக்கோடி, கேட்டைச் சாத்துங்க. நான் சொல்றவரைக்கும் ஒருத்தரையும் உள்ள விடாதீங்க.

— இன்னா மேடம் நீங்க? இப்பதானே தொறன்னீங்க. அவங்கதான் உங்க வழிக்கே வந்துட்டாங்களே. ஏ புள்ளைங்கள பி-ல போடுங்க, பி புள்ளைங்கள ஏ-ல போடுங்க. மேட்டர் ஓவர்.

— ஓவர்தான். பழையபடி ஸ்ரீரங்கன் பழைய பசங்களுக்கே எடுப்பார். பட்டு ஏ-ன்னு எழுதின கதவுக்குள்ள ஸ்ரீரங்கன் இல்லாம உக்காருவா. அப்புறம் நீங்க என் ஏசி ரூமை எனக்கே திருப்பிக் குடுப்பீங்க, ஏ பசங்க அவங்க பழைய ரூமுக்கே போவாங்க, அவ இந்த மோட்டார் பக்கத்துக்குத் திரும்பி வருவா. இந்தப் பசங்களுக்கு ஒரே ஒரு வாரம் நல்லது நடந்திருக்கு சார். கார்ல வந்து அதையும் தூக்கிட்டுப் போகப் பாக்கறாங்க. விட மாட்டேன்.

— அப்ப எம்மருமவளாண்ட நான் இன்னா சொல்றது? அந்த வூட்டுலதான் மேடம் நான் சோறு துன்னணும்.

— இப்படிச் சொல்லுங்க. ஷ்யாம் பி-க்கு வரணும்னா அங்கேர்ந்து ஒரு பிள்ளை எழுந்து வெளிய போகணும். எந்தப் பிள்ளைன்னு அவங்களே உள்ள வந்து, அது மூஞ்சியைப் பாத்துக் கை காட்டட்டும்.

— காட்டிடும் மேடம். எம்மருமவ பத்தி உங்களுக்குத் தெரியாது.

— காட்டினா நான் குறுக்க நிப்பேன். என்னைப் பத்தியும் அவங்களுக்குத் தெரியாது.

— ஐயா, ஹாரன் அடிக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?

— இருய்யா. மேடம், இப்ப இன்னாதான் பண்ணலாம்ன்றீங்க?

— ஜூன்ல சொன்னதுதான். ரெண்டு செக்‌ஷனையும் கலைங்க. பேர் எழுதிச் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். ஸ்ரீரங்கனும் சின்மயியும் ரெண்டு ரூமுக்கும் போவாங்க. சின்மயி எங்க தடுமாறினாலும் ஸ்ரீரங்கன் பக்கத்துலயே இருப்பார். உங்க பேரனுக்கும் அவர்தான், மீன்காரம்மா பொண்ணுக்கும் அவர்தான்.

— நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல வேற வழியே இல்லியா?

— இல்ல. நீங்க ஒத்துக்கற வரைக்கும் கேட் தொறக்காது. சாயங்காலம் வரைக்கும் ஆனாலும் சரி, ராத்திரி ஆனாலும் சரி. வீட்டுக்குப் போகணும்னா நீங்களும் அந்தக் கேட் வழியாத்தான் சார் போகணும்.

— தனக்கோடி.

— ஐயா.

— போய் கேட்டத் தொற. நாளைலேந்து இந்த ஸ்கூல்ல ஏ-வும் கெடையாது, பி-யும் கெடையாது, எல்லா புள்ளைக்கும் எல்லா வாத்தியாரும்னு சொல்லு. யாரு ஐடியான்னு சின்னம்மா கேட்டுச்சுன்னா, மொதலாளி ஐடியாதான், மேடம் ஒத்துக்கவே இல்ல, ஜூன் மாசத்துலேந்து கெஞ்சி இப்பதான் சம்மதிக்க வெச்சாருன்னு சொல்லு.