ஒரு வாரத்துக்கு வாங்கிய மோர்ஸ் கீ

சேக் அலாவுதீன் மரைக்காயரிடம் ஒரு வாரத்துக்கு என்று சொல்லி வாங்கிய மோர்ஸ் கீயை இந்தத் தெரு மூன்று ஆண்டுகளாகத் திருப்பித் தரவில்லை. அவர் அதைக் கேட்டுக் கேட்டே இறந்தார். தவறு அவருடையதல்ல என்று தெரிந்த பிறகும் நாம் தரவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்ல எனக்கு மனம் வருகிறது.

அவைத் தலைவருக்கும், மேடையில் இருக்கும் தெரு நலச் சங்கத் தலைவர் தியாகராசன் அவர்களுக்கும், பெண்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மரைக்காயரின் மகள் மஹ்பூபாவுக்கும், திருமலைராயன்பட்டினத்துப் பெரியோர்களுக்கும் தெட்சிணாமூர்த்தியின் வணக்கம். சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். இந்த ஒலிபெருக்கி என்னுடையது. ஆகவே முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

அலாவுதீன் மரைக்காயர் யார்? கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். கரைக்கு வந்த பிறகு, அரசு உரிமம் பெற்று, வீட்டிலேயே அமெச்சூர் வானொலி நிலையம் வைத்திருந்தவர். கொல்லைத் தென்னைகளுக்கிடையே ஒரு கம்பி, அறையில் ஒரு மேசை, மேசையில் ஒரு பித்தளைக் கீ. அதை விரலால் தட்டினால் தந்தி ஒலி கடல் தாண்டிப் போகும். கப்பலில் பழகிய அந்தக் கீயில்தான் அவர் கை இயல்பாக ஓடும்.

அந்தப் பக்கம் யார் கேட்டுக்கொண்டிருந்தார்? நூகு! நம் ஊரில் பிறந்து, இவரோடு ஒரே கப்பலில் வேலை பார்த்து, பினாங்கில் குடியேறியவர். அதிகாலை பஜர் தொழுகை முடிந்ததும் இருவரும் பேசிக்கொள்வார்கள். வேறென்ன பேசுவார்கள்? அங்கே மழையா, இங்கே காற்றா, புது ஏரியல் எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவருடைய நாள்.

பிறகு நம் கூரைகளில் தொலைக்காட்சி ஏரியல்கள் முளைத்தன. இலங்கைப் படம் தெரிய வேண்டும் என்று குழாய்க்கு மேல் குழாய் செருகினோம். உச்சியில் அலையைப் பெருக்கித் தரும் பூஸ்டர் வைத்தோம். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. யார் காரணம்? வேறு யாரைத் தேடுவது, ரேடியோ வைத்திருப்பவர் ஒருவர்தானே!

அவர் கோபப்பட்டாரா? இல்லை. முதலில் தம்மையே சந்தேகப்பட்டார். செப்புத் தண்டு அடித்து எர்த்தைப் புதுப்பித்தார். தெருப்பக்கம் நீண்டிருந்த ஏரியலைக் கொல்லைக்கு மாற்றினார். கேட்ட வீடுகளுக்கெல்லாம் தம் கையாலேயே இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் செய்து மாட்டினார். மாரிக்கண்ணு வீட்டுத் தையல் மிஷின் மோட்டார் ஓடும்போதெல்லாம் இவர் காதில் இரைச்சல். அதில் சின்னதாக ஒரு கண்டென்சரைப் பற்றவைத்ததும், அந்த வீட்டுப் படமும் தெளிந்தது, இவர் காதும் தெளிந்தது.

"என் மிஷினா பாய் ஒங்க ரேடியோவக் கெடுத்துச்சு? நான் ஒங்களைல்ல திட்டிக்கிட்டு இருந்தேன்!" என்றாள் மாரிக்கண்ணு.

"திட்டுனதும் கேட்டுச்சும்மா. அதுக்குத்தான் ஃபில்டர் இல்ல" என்றார்.

ஆனாலும் மற்ற வீடுகளில் கோடு நிற்கவில்லை. சங்கம் கூடியது. நானும் இருந்தேன். மரைக்காயர் தாமாகவே கீயைக் கழற்றிக் கொண்டுவந்து தியாகராசன் முன்னால் வைத்தார். "ஒரு வாரம் இது ஒங்ககிட்டயே இருக்கட்டுங்க. கோடு நின்னா தப்பு என்னுது. நிக்கலைன்னா ஒவ்வொரு வீட்டு பூஸ்டரையும் வரிசையா அஞ்சு நிமிசம் அணைச்சுப் பாப்போம். எது அணையும்போது கோடு போவுதோ, அதான்."

வாரம் முடிந்தது. கோடு அப்படியே இருந்தது. மற்ற வீட்டார் முணுமுணுத்துக்கொண்டே அணைத்துக் காட்டினார்கள்; கோடு போகவில்லை. ஒரே ஒரு வீடு மறுத்தது. "சங்கத் தலைவர் வீட்லயே சந்தேகமா? நல்லா இருக்கு ஒங்க ஞாயம்!" என்றார் தியாகராசன். அவர் இதோ இருக்கிறார். நான் அவர் இல்லாதபோது பேசுகிறவன் அல்ல.

அந்தத் தை மாதம் அவர் குடும்பத்தோடு மாயவரம் கல்யாணத்துக்குப் போனார். மெயினை அணைத்து வீட்டைப் பூட்டினார். தெரு முழுவதும் படம் கண்ணாடி போல் தெரிந்தது! பார்த்தீர்களா இல்லையா? வாசலுக்கு வந்து ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்ந்தீர்களா இல்லையா? அவர் திரும்பி வந்தார், பூஸ்டரைப் போட்டார், கோடும் வந்தது. உப்புக்காற்றில் உள்ளே அரித்துப்போன பூஸ்டர் தானாகவே ஊளையிட்டுத் தெருவையே கெடுக்கிறது என்று நான் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "மைக்செட்டுக்காரரு இஞ்சினீரு ஆயிட்டாரு" என்று சிரித்தீர்கள். பள்ளிக்கூடம் சொல்லித்தராததை நானே கழற்றிப் பார்த்துக் கற்றவன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

மரைக்காயர் கேட்டபோதெல்லாம், "கீயைப் பத்தி சங்கம் கூடி முடிவெடுக்கும்" என்றார்கள். சங்கம் கூடியதா?

நான் மரைக்காயரிடம் சொன்னேன்: "பித்தளைத் தகடு இருக்கு, நான் ஒண்ணு செஞ்சு தர்றேன்."

"வேணாம் அண்ணே. வாக்குக் குடுத்துட்டேன். வேற கீயில தட்டுனா, இவங்ககிட்ட குடுத்தது வெறும் நாடகமாயிடும்."

நூகுவுக்குக் கடிதம் எழுதி நிலைமையைச் சொன்னார். நூகு பதில் எழுதினார்: நீ கேட்டுக்கொண்டிரு, நான் கூப்பிடுகிறேன். கூப்பிட்டார்! காலைதோறும் பினாங்கிலிருந்து இவர் நிலையத்தின் பெயரான அழைப்புக்குறி வந்தது. இவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பார். பதில் சொல்லக் கை எழும். மேசை விளிம்பில் விரல் தட்டும். மரத்தில் தட்டினால் கடல் தாண்டுமா?

"கேட்டுக் கேட்டு ஏன் வருத்தப்படுறீங்க? அணைச்சு வச்சாத்தான் என்ன?" என்று அவர் மனைவி கமர் நிஷா கேட்டிருக்கிறார்.

"அணைச்சுட்டா, அவன் கூப்புடுறது யாருக்கு?"

அதிலும் பாதி நாள் அந்தப் பூஸ்டரின் இரைச்சலுக்கு அடியில் நூகுவைத் தேட வேண்டியிருந்தது. போன வெள்ளிக்கிழமை காலையும் தேடினார். அன்று மாலை போய்விட்டார். அலாவுதீன் மரைக்காயரே! மூன்று ஆண்டுகள் பதிலை விரலிலேயே வைத்திருந்தீர்களே!

அழுதுவிட்டுக் கலைவதற்கு நான் இங்கு வரவில்லை. நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

தியாகராசன் இப்போதே வீட்டுக்குப் போய்க் கீயை எடுத்துவந்து மஹ்பூபாவின் கையில் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் மௌன அஞ்சலி. நாளை பகலில் அவர் வீட்டுப் பூஸ்டர் இறங்க வேண்டும். ஏணி நான் கொண்டுவருகிறேன். அவர் பிடித்துக்கொண்டால் போதும். கோளாறு மரைக்காயர் வீட்டிலிருந்து வரவில்லை என்று சங்கச் செயலாளர் எழுதிப் பள்ளிவாசல் தெருவிலும் கோயில் தெருவிலும் ஒட்ட வேண்டும். மஹ்பூபா உரிமத் தேர்வுக்குப் படிக்கிறாள். தந்தி ஒலியை அப்பாவிடமே கற்றவள். அவள் விண்ணப்பத்துக்கு எதிராக இந்தத் தெருவிலிருந்து ஒரு கையெழுத்தும் போகக் கூடாது. உரிமம் வரும்வரை அவள் கீயைத் தொடமாட்டாள், கேட்க மட்டுமே செய்வாள். கொல்லைக் கம்பியின் இணைப்புகளில் உப்பு ஏறாமல் சுரண்டிப் பற்றவைப்பது என் பொறுப்பு.

நூகுவுக்குத் தந்தி கொடுத்தோம். நண்பர் போனாலும் மகளுக்காகக் கூப்பிடுவேன் என்று பதில் வந்திருக்கிறது. நாளைக் காலையிலும் கூப்பிடுவார். கேட்பது மஹ்பூபாவின் வேலை. அந்த நேரத்தில் வீட்டுக்கு வீடு பூஸ்டரை அணைத்து, தெருவை அமைதியாக வைத்திருப்பது உங்கள் வேலை.