முப்பத்தொன்றாவது வீடு

மாதா சுரூபத்தை மேசை ஓரத்தில் வைக்காதீர்கள், மேடம். பீடம் சின்னது, தலை கனம்; யாராவது இடித்தால் சாய்ந்துவிடும். தூக்கும்போதும் கழுத்தைப் பிடிக்கக் கூடாது. பீடத்துக்கு அடியில் கை கொடுத்து மார்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்தொன்பது வருஷமாக நான்தான் தூக்குகிறேன், ஒரு விரல்கூட உடைந்ததில்லை. சுவர்ப் பக்கமாகத் தள்ளி வைத்தால் போதும்.

நீங்கள் வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன். உங்கள் ஏட்டையா நான் குடித்திருக்கிறேனா என்று வாயை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டார். குடிக்கவில்லை. பெயர் ஸ்டானிஸ்லாஸ். வயது அறுபத்திரண்டு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். ராயபுரம் நங்கூரத் தெருவில் குடியிருக்கிறேன்.

எங்கள் தெருவில் முப்பத்தொரு கத்தோலிக்கக் குடும்பங்கள். சேர்ந்து ஜெபம் செய்கிற இப்படிப்பட்ட வீடுகளை அன்பியம் என்பார்கள். எங்கள் அன்பியத்துக்கு நான் தலைவன். அக்டோபர் ஜெபமாலை மாதம். தினமும் சாயங்காலம் மாதா சுரூபம் ஒரு வீட்டுக்குப் போகும். ஜெபமாலை, பாட்டு, சுண்டல், டீ. மறுநாள் அடுத்த வீடு. முப்பத்தொரு நாள், முப்பத்தொரு வீடு. கடைசி நாள் தலைவர் வீட்டில் முடியும்.

இந்த அக்டோபரில் எங்கள் தெருவில் பதினான்கு பேர் செத்தார்கள். உடம்பில் ரத்தமே இல்லாமல், ஊறப் போட்ட துணி மாதிரி வெளுத்துப்போய்ச் செத்தார்கள். மாநகராட்சிக்காரர்கள் தண்ணீரைச் சோதித்தார்கள், பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். நீங்களும் இரண்டு தடவை வந்து என்னிடமே விசாரித்துவிட்டுப் போனீர்கள். தண்ணீரில் ஒன்றுமில்லை, மேடம். செய்தது நான்.

முதலில் பழைய விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்துக்குக் காய்ச்சலோடு ஒரு கப்பல் வந்தது. சரக்கு இறக்கிய ஏழு கூலிகளுக்கு அந்தக் காய்ச்சல் தொற்றியது. ஏழு பேரும் எங்கள் தெருக்காரர்கள். தெருப் பெரியவர்கள் எல்லோரும் துறைமுக மேஸ்திரிகள், என் பூட்டனும் அவர்களில் ஒருவர். கூலிகளின் மூச்சு அடங்கும்வரை பெரியவர்கள் காத்திருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே குழி வெட்டி, ஏழு பேரையும் உயிரோடு இறக்கி, சுண்ணாம்பைக் கொட்டிக் கல்லைப் போட்டு மூடிவிட்டார்கள்.

ஏழு பேரும் திரும்பி வந்ததாகத் தெருவில் சொல்வார்கள். பொழுது சாய்ந்தால் வாசலில் நின்று, உள்ளே வரட்டுமா என்று கேட்பார்களாம். கூப்பிட்டால்தான் வருவார்களாம். கூப்பிட்ட வீட்டில் மறுநாள் எல்லோரும் வெளுத்துக் கிடப்பார்களாம். அந்தக் காலத்துப் பங்குச் சாமியார் குழியை மந்திரித்து அடக்கிவிட்டு, தெருவுக்கு ஒரு பாவப் பரிகாரம் வைத்தார். மாதா சுரூபம் வீடு வீடாகப் போக வேண்டும். அதன் பின்னால் எவர் வந்தாலும், யார் எவர் என்று கேட்காமல் 'உள்ளே வாங்க' என்று கூப்பிட வேண்டும். காரணத்தை மறந்துவிட்டு வழக்கத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்வதில் எங்கள் தெருவை மிஞ்ச ஆளில்லை. இன்றுவரை ஒரு வீடு தவறியதில்லை.

என் மனைவி ரோசிக்கு மே மாதம் கொரோனா வந்தது, இரண்டாவது அலையில். ஒன்பதாம் நாள் இறந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பையில் வைத்து ஜிப் போட்டுக் கொடுத்தார்கள், முகம் பார்க்க விடவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் தெருவே திரண்டு நின்றது. எல்லார் கையிலும் கல். எல்லாருமே நான் ஜெபமாலை சொல்லிக்கொடுத்தவர்கள். முன்னால் நின்றவன் இன்னாசி, ஐஸ் ஃபேக்டரியில் லோடு ஏற்றுகிறவன். என் மகள் ஷைனி கல்யாணத்தில் ஓடி ஓடிப் பந்தி பரிமாறியவன்.

"இங்க பொதைக்காத ஸ்டானி. எங்க புள்ளைங்களுக்கு ஒட்டிக்கும். வேற எங்கனா எத்துகினு போ," என்றான்.

"எங்க குடும்பக் கல்லற இங்கதானடா கீது?"

"கீது. அதுக்கு இன்னான்ற? உள்ள கால வெச்சின்னா கல்லு வுடுவேன்."

சொன்னபடியே விட்டான். அவனைப் பார்த்து எட்டு வீட்டுக்காரர்கள் விட்டார்கள். ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. டிரைவர் ரோசியை மதிலோரம் இறக்கி வைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்தில் யாரும் உரிமை கொண்டாடாத மண் ஒன்றுதான் இருந்தது. குழி வெட்டுபவரின் கடப்பாரை பக்கத்திலேயே கிடந்தது. கிரேன் ஓட்டினவனுக்குக் கல் நகர்த்தத் தெரியும். ஏழு பேர் கிடந்த குழியில் என் மனைவியை வைத்து மூடினேன்.

கூட்டம் அதற்குள் கலைந்துவிட்டது. கோடி வீட்டு சில்வியா மட்டும் கையில் மெழுகுவர்த்தியோடு தள்ளி நின்றாள். புருஷன் கப்பல் வேலைக்குப் போய்விட்டதால் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறவள். அவள் கல் எறியவில்லை.

"அண்ணே, இன்னாவோ சத்தம் கேட்ட மாரி கீதே," என்றாள்.

"காக்கா. நீ வூட்டுக்குப் போம்மா," என்றேன்.

செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்த நாள் அன்று சாயங்காலம், ரோசி என் வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட கவுன், காலெல்லாம் சுண்ணாம்பு. இளைத்திருந்தாள்.

"உள்ள வரட்டா?" என்று கேட்டாள்.

முப்பத்து நான்கு வருஷக் குடித்தனத்தில் அவள் அந்த வீட்டுக்குள் வர யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

"இப்ப வேணாம் ரோசி," என்றேன். "உன்ன இந்தக் கதிக்கு ஆளாக்குனவன்லாம் சொகமா கீறான். மொதல்ல அவனுங்க வூட்டுக்குப் போ."

போனாள். என் பேச்சைத் தட்டியதே இல்லை. ஆனால் பொழுது சாய்ந்ததும் எல்லோரும் கதவைச் சாத்திவிடுகிறார்கள், யார் கூப்பிடப் போகிறார்கள்? மறுநாளும் என் வாசலுக்கே வந்தாள். அந்த மாதம் முடியும்வரை தினமும் வந்து, அதே கேள்வியைக் கேட்டு, விடியும்வரை நின்றாள்.

அக்டோபரில் எந்த வீடு எந்தத் தேதி என்று வழக்கமாகச் சீட்டுக் குலுக்கிப் பார்ப்போம். இந்த வருஷம் பட்டியலை நானே எழுதினேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் யாரும் வாய் திறக்கவில்லை. கல் எறிந்த கை கொஞ்ச நாள் மரியாதையாகத்தான் இருக்கும். ரோசியின் நீலச் சேலையையும் ஒரு முகக்கவசத்தையும் வாசல் கேட்டில் மாட்டி வைத்தேன். எல்லோரும் பாதி முகத்தை மூடிக்கொண்டு திரிந்த காலம் அது. சுரூபத்துக்குப் பின்னால் முக்காடு போட்டு ஒருத்தி வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஒன்றாம் தேதி இன்னாசி வீடு. அவன் மனைவி வாசலில் நின்று பன்னீர் தெளித்து ஒவ்வொருவரையும் "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று அழைத்தாள். கடைசியாக வந்தவளையும் அழைத்தாள். ரோசி கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாய் திறந்து ஜெபம் சொல்லவில்லை, டீ குடிக்கவில்லை. மற்றவர்கள் எழுந்து போனார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. மாதா அவளைத் தடுக்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். தடுத்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன்.

மறுநாள் பார்க்கப் போனபோது இன்னாசி உதட்டில் ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.

"ஸ்டானி, ரோசி வந்துச்சுடா," என்றான். "கதவாண்டயே உக்காந்துகினு இருந்துச்சுடா. நா பாத்தேன்."

"காய்ச்சல்ல ஒளறிகினு கீறான்," என்று அவன் மனைவியிடம் சொன்னேன். அவன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் செத்தான். மதிலுக்கு உள்ளே, அவர்கள் குடும்பக் கல்லறையில்தான் வைத்தார்கள். ஒரு வாரத்தில் அவனும் தெருக்கோடியில் நிற்க ஆரம்பித்தான். இப்போது அவனைப் போல ஐந்து பேர் நிற்கிறார்கள். ஒருவரையும் வீட்டுக்குள் கூப்பிட வேண்டாம் என்று தெருவுக்கு எச்சரிக்கை கொடுங்கள். இதை நான் ஒரு நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறேன்.

சாவு கூடக் கூடத் தெருவில் பக்தியும் கூடியது. எங்கள் வீட்டுக்கு முதலில், எங்கள் வீட்டுக்கு முதலில் என்று மாதாவைக் கேட்டு என்னிடம் வந்தார்கள். கல் எறிந்த ஒன்பது வீடுகளும் ஒன்பதாம் தேதியோடு முடிந்தன. நியாயம் அத்தோடு தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பத்தாம் தேதி பொழுது சாய்கிற நேரத்தில் ரோசி மறுபடி என் வாசலில் நின்றாள். "உள்ள வரட்டா?"

அன்று காலையில்தான் சில்வியா வந்து கெஞ்சியிருந்தாள்.

"ஸ்டானிண்ணே, எங்க வூடு இருவத்தெட்டாந்தேதி தான? முன்னாடியே எத்துகினு வாங்கண்ணே. புள்ளைங்க ராவெல்லாம் பயந்துகினு கீதுங்க."

அன்றைக்கே அவள் வீட்டுக்குச் சுரூபத்தைக் கொண்டுபோனேன். சில்வியா பதின்மூன்றாம் தேதி செத்தாள். பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுகிறார்கள். பிழைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். பிறகு ஒரு நாளும் விடவில்லை, தினமும் அவளுக்கு வேறொரு வீட்டைக் காட்டினேன். நேற்றோடு முப்பது வீடு முடிந்தது.

கல் எறியாதவள் வீட்டுக்கு ஏன் போனாய் என்று சற்று முன் நீங்கள் கேட்டபோது, அவளே கேட்டாள் என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. அவளுக்குச் சத்தம் கேட்டிருந்தது. அது காக்கா இல்லை.

ரோசியைக் குழியில் இறக்கி வைத்தபோது பை அசைந்தது. காற்று என்று நினைத்தேன். பிறகு உள்ளேயிருந்து "தண்ணி" என்று கேட்டது. காற்று தண்ணி கேட்காது, எனக்குத் தெரியும். கூட்டம் அப்போதுதான் நகர்ந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் போய்விட்டது. ஜிப்பைத் திறந்தால் அந்த மூச்சுக் காற்று நேராக என் முகத்தில்தான் படும். எனக்குச் சர்க்கரை வேறு. இரண்டாம் தடவை என் பெயரைச் சொன்னாள். அதற்குள் கல் பாதிக்கு மேல் நகர்ந்துவிட்டது. பாதியில் விட்டால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்பது கனமான பொருள் தூக்கிய எல்லோருக்கும் தெரியும். முழுக்க மூடினேன். ஏழு பேரை மூடியவர்களும் நல்ல குடும்பத்துக்காரர்கள்தான், மேடம்.

இன்று முப்பத்தொன்று. பட்டியலில் பாக்கி என் வீடு மட்டும். முப்பதாவது வீட்டிலிருந்து சுரூபத்தை எடுத்தபோது பாடிக்கொண்டு பின்னால் வர ஆள் இல்லை. நடக்கிற தெம்பு தெருவில் யாருக்கும் இல்லை. அவள் மட்டும் வந்தாள். என் வீட்டைத் தாண்டி நடந்தேன். மகள் ஷைனி டோல்கேட்டில்தான் இருக்கிறாள், அங்கே போயிருக்கலாம். ஆனால் கதவைத் திறந்து அம்மாவைப் பார்த்தால் ஷைனி கூப்பிட்டுவிடுவாள், அப்போது நானும் வீட்டுக்குள் இருப்பேன். அதனால் இங்கே வந்தேன். பூட்டுப் போட்ட அறை, வாசலில் துப்பாக்கியோடு காவல். வழக்குப் போடுங்கள், புழலுக்கு அனுப்புங்கள், ஜாமீன் கேட்க மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்டேஷன் வாசல் படிக்கட்டில் நீலச் சேலை கட்டிய அம்மாள் ஒருத்தி நிற்கிறாள். புகார் கொடுக்க வந்தவள் என்று நினைத்து ஏட்டையா அவளை உள்ளே கூப்பிட்டுவிடக் கூடாது. உள்ளே வரட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொன்னால் போதும். பயந்துகொண்டு சொல்லவில்லை. அவளுக்கு என்மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடையாது.