வெள்ளை வளையம்

மட்டாஞ்சேரி பஸ்ஸில் முன் இருக்கையில் ஒரு தம்பதி. கணவர் மடியில் துண்டில் சுற்றிய இம்பெல்லர், வீட்டுத் தண்ணீர் பம்ப்புக்குள் சுழலும் சக்கரம்.

"நீங்க கழட்டறதுக்கு முன்னாடி சொட்டுச் சொட்டாத்தான் ஒழுகித்து," என்றாள் மனைவி.

"தண்ணி கசியாம அடைக்கற சீல் தேஞ்சிருந்தது. மாத்தினேன்."

"மாத்தியும் ஏன் ஒழுகறது? மூணு நாளா மாடிக்குப் பக்கெட்ல தண்ணி சுமக்கறேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "சீல் ரெண்டு துண்டு. ஸ்பிரிங் உள்ளதை மாத்தினேன். அந்த வெள்ளை வளையம் நன்னா இருந்தது, விட்டுட்டேன்."

"ரெண்டும் சேர்த்து மாத்தணும்னு கடைக்கார சேட்டன் சொன்னாரே."

"நான் கேக்கலை."

"நான் கேட்டேன்."

நிறுத்தம் வந்தது. அவள் துண்டு மூட்டையை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னிக்கு ரெண்டு துண்டையும் வாங்கி நான் மாட்டறேன். நீங்க பக்கெட் எடுங்கோ."