மார்ஸ்டேல் படத்துக்கு ஒரு மாலை

காபி ஆறிவிடப் போகிறது, குடியுங்கள். கவுன்ட்டி முதியோர் பாதுகாப்பு ஆபீஸிலிருந்து தமிழ் தெரிந்த பெண்ணையே அனுப்புவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டேன், சென்னை என்றீர்கள். சென்னையில் எங்கே, அதற்கு முன்னால் எங்கே என்று நான் குடையவில்லை. எங்கள் கோபிப் பக்கத்தில் ஒரு ஆளைத் தெரிந்துகொள்ள மூன்று கேள்வி போதும். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், அங்கே யாருக்குச் சொந்தம். மூன்றாவது பெரும்பாலும் தேவைப்படாது.

வந்ததிலிருந்து அந்தச் சுவரையே பார்க்கிறீர்கள். சந்தனச் சீவல் மாலைக்குள் இருக்கும் அந்தக் குழந்தையைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். மறைக்க ஒன்றும் இல்லை, முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி சாரதா டாக்டராக இருந்தவள். எண்பதுகளில் இங்கிலாந்தின் வடக்கே மார்ஸ்டேல் என்ற சின்ன மில் ஊரில் அவளுக்கு ஆஸ்பத்திரி வேலை, எனக்கு மில்லில் தறி இன்ஜினியர் வேலை. மில்லை மூடினார்கள். நான் கம்ப்யூட்டர் படித்தேன், குடும்பத்தோடு அமெரிக்கா வந்தோம், சான்டா கிளாராவில் வேலை, சன்னிவேலில் இந்த வீடு. எல்லாரையும்போலத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சாரதாவுக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்தது. அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு போனில் நம்பர் போட மறந்தாள். பழைய ஞாபகம்தான் கடைசிவரை நிற்கும், பழைய படங்களைக் காட்டுங்கள் என்று டாக்டர் சொன்னார். எங்களிடம் இருந்த ஆல்பங்கள் வீடு மாறியதில் எங்கோ போய்விட்டன. அப்போதுதான் ஃபேஸ்புக்கில் ‘மார்ஸ்டேல் அன்றும் இன்றும்’ என்ற குழு கண்ணில் பட்டது.

பொழுது போகாத கிழவர்கள் கூடி அழுகிற இடம் அது. பழைய பஸ் ஸ்டாண்டு, மூடிப்போன துணிக்கடை, மில் புகைபோக்கியை இடித்த நாள் என்று தினமும் படம் போடுவார்கள். ‘அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் யாரும் கதவைப் பூட்டியதே இல்லை’ என்று ஒருவர் எழுதினால் நூறு பேர் ஆமாம் போடுவார்கள். நாங்கள் பூட்டினோம். தபால் போடும் துளை வழியாக என்னென்னவோ உள்ளே வந்து விழும். அள்ளிக் கழுவி அலுத்துப்போய், உள்பக்கம் ஒரு பலகை வைத்து அடித்தேன். அந்தக் கதவும் ஒரு படத்தில் இருக்கிறது. என்ன அழகான தெரு என்று கீழே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் கிடையாது. தன் தெரு தன் ஆட்களோடு இருக்க வேண்டும் என்று நினைப்பது மனுஷ சுபாவம்.

சாரதாவுக்குப் படங்கள் நன்றாகவே வேலை செய்தன. சாயங்காலம் சோபாவில் பக்கத்தில் உட்கார வைத்து ஐபேடில் ஒவ்வொன்றாகத் தள்ளுவேன். என் பெயர் வராத வாயில் கடைக்காரன் பெயர் வரும். “ஏனுங்க, இது பார்னெட் கடைதானுங்களே? தென்றலுக்கு இங்கதான் முட்டாய் வாங்குவோம்” என்பாள்.

தென்றல் எங்கள் மகள், ஒரே குழந்தை, மார்ஸ்டேலில் பிறந்தவள். ஒருநாள் குழுவில் ஊர்த் திருவிழாப் படம் ஒன்று வந்தது. அலங்கரித்த லாரியின்மேல் பள்ளிப் பிள்ளைகள். அத்தனை வெள்ளைப் பிள்ளைகளுக்கு நடுவே கறுத்த முகமாக ஒன்று, முதுகில் அட்டைச் சிறகு, சாரதாவின் பட்டுச் சேலையை வெட்டித் தைத்த கவுன். சாரதா திரையைத் தடவினாள். “தென்றல் எப்பங்க வருவா?” என்று கேட்டாள். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

முதலில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன். அது தப்பாகப் போயிற்று. பள்ளி விடும் நேரத்துக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்பாள். “மழை வருதுங்க, புள்ள நனைஞ்சிருவா, வண்டிய எடுங்க” என்பாள். ஜூன் மாதத்துச் சன்னிவேலில் ஏது மழை? அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்கள். அதனால் தென்றல் போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்று உள்ளதைச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். தூங்கி எழுந்ததும் மறுபடியும் தென்றல் எங்கே என்றாள். மறுபடியும் சொன்னேன், மறுபடியும் புதிதாக அழுதாள். ஒருத்தியிடம் ஒரே சாவைத் தினமும் சொல்வது கொடுமை. நான் கல் இல்லை. அதனால்தான் இதமான வழி ஒன்று தேடினேன்.

நம் வீடுகளில் படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னது மறந்துபோகும், கண்ணில் பட்டது மறக்காது. திருவிழாப் படத்திலிருந்து குழந்தையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, சட்டம் போட்டு வாங்கினேன். இந்தியக் கடையில் சந்தன மாலையும், அணையாமல் எரிகிற சின்ன பல்பு விளக்கும் கிடைத்தன. பொட்டு வைத்து, அவள் உட்காரும் இடத்துக்கு நேரே மாட்டினேன்.

அவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது, அதற்குக் காரணம் உண்டு. ஆனால் மார்ஸ்டேல்காரர்களை நம்புவாள். ஆகவே குழுவில் அந்தப் படத்தின் கீழே, இது எங்கள் மகள், இவளை நாங்கள் இழந்துவிட்டோம் என்று எழுதினேன். எப்போது, எப்படி என்று எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சாரதாவிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட பெண்கள்கூட எழுதினார்கள். பாலின் என்று ஒரு வயதான அம்மாள் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றி அதையும் படம் எடுத்துப் போட்டாள். எங்கள் கதவுத் துளையில் அழுக்கைப் போட்ட ஊர் எங்களுக்காக அழுதது. ஒவ்வொன்றாகச் சாரதாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நாளில் தென்றல் எப்போது வருவாள் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

எப்படிப் போனாள் என்று மட்டும் கேட்டாள். அவளே டாக்டர், காரணம் சொல்லாவிட்டால் மனம் ஆறாது. மூளைக்காய்ச்சல் என்றேன். “நான் டாக்டருங்களே, எப்படிங்க கவனிக்காம உட்டேன்?” என்று படத்தைப் பார்த்து இன்றைக்கும் கேட்கிறாள். உன் தப்பு இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

தென்றல் டெக்ஸாஸில் இருக்கிறாள். டாலஸ் பக்கம், நல்ல வேலை, ஒரு பெண் குழந்தை. அதைத்தானே நீங்கள் எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்?

அவள் கல்யாணம் நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. பையன் பசுபதிமேல் ஒரு குறை சொல்ல முடியாது. படிப்பு, சம்பளம், மரியாதை எல்லாம் உண்டு. வெள்ளைக்காரனைக் கட்டியிருந்தால்கூட சான் ரமோனில் ஹால் பிடித்து ரிசப்ஷன் வைத்திருப்பேன். இதே சோபாவில் பசுபதி உட்கார்ந்திருந்தான். எந்த ஊர் தம்பி என்றேன். எங்கள் ஊர்ப் பேரையே சொன்னான். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊரில் எந்தப் பக்கம் என்றேன். என் கண்ணைப் பார்த்து, “காலனிங்க” என்றான். மூன்றாவது கேள்வி தேவைப்படவில்லை. அவன் குடித்துவிட்டு வைத்த டம்ளரை நானே எடுத்துக் குப்பையில் போட்டேன். அவன் எதிரில் போடவில்லை, அந்த நாகரிகம் எனக்கு உண்டு.

டெக்ஸாஸில் தாலி கட்டிய அன்று இங்கே நான் தலைமுழுகினேன். கிணற்றுக்கு எங்கே போவது, ஷவரில்தான், பச்சைத் தண்ணீரில். ஈர வேட்டியோடு நின்று ஊருக்குப் போன் பண்ணினேன். பங்காளிகளும் குளித்துவிட்டார்கள். எங்கள் கணக்கில் அவள் அன்றைக்கே செத்தாள். வீட்டில் எல்லாரும் குளித்தால்தான் அந்தக் காரியம் முடியும். சாரதா குளிக்கவில்லை. “என்ற புள்ள உசுரோட இருக்கறா. நான் எதுக்குங்க தலை முழுகோணும்?” என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து என்னை அவள் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

பிறகு லைப்ரரி பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து மகளோடு போனில் பேசுவாள். எனக்குத் தெரியும், தடுக்கவில்லை. நம்பர் போட மறந்தபின் அது தானாக நின்றது. தென்றல் கூப்பிட்டபோது நான் எடுத்து, அம்மாவுக்கு உன்னோடு பேச இஷ்டமில்லை என்றேன். இரண்டு முறை வந்து வாசலில் நின்றாள், கதவைத் திறக்கவில்லை. படத்துக்கு மாலை போட்ட மறுநாள், யாரும் சொல்லாமல் சாரதா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, ஈரத்தலையோடு படத்தின் முன்னால் நின்றாள். பதினோரு வருஷமாகப் பாக்கி இருந்த காரியம் அன்றைக்கு முடிந்தது.

போன சனிக்கிழமை காலிங் பெல் அடித்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். கதவைத் திறந்தது சாரதா. தென்றல் தன் மகளுக்குத் தான் பிறந்த ஊரைக் காட்ட அந்தக் குழுவைத் தேடிப் பிடித்திருக்கிறாள். தன் படத்தையும், கீழே எரிகிற மெழுகுவத்தியையும் பார்த்திருக்கிறாள். அடுத்த ஃப்ளைட்டைப் பிடித்துத் தனியாக வந்துவிட்டாள்.

“அம்மா, இட்ஸ் மீ. தென்றல்” என்றாள்.

சாரதா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். “உக்காரு கண்ணு. என்ற புள்ளைக்கும் அதே பேருதான். சின்னதுலயே போயிட்டா” என்று சுவரைக் காட்டினாள். தென்றல் தன் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். யாரோ ஒரு பெண் செத்துப்போன நம் மகளுக்காக அழுகிறாளே என்று சாரதாவுக்கு நெகிழ்ந்துவிட்டது, தலையைத் தடவிக் கொடுத்தாள்.

“உங்கம்மா இருக்காங்களா அம்மிணி?”

“இருக்காங்கம்மா.”

“அப்ப இங்க என்ன பண்ற? போய்ப் பாரு கண்ணு. நாளைக்குன்னு தள்ளிப் போடாத.”

தென்றல் எழுந்து போனாள். காருக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்துதான் உங்களுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும்.

நோயாளியிடம் பொய் சொன்னேனா என்று உங்கள் தாளில் ஒரு கேள்வி இருக்கிறது. பொய் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்களுக்குச் செத்தவளைச் செத்தவள் என்றேன், அவ்வளவுதான். ஆனால் கேட்டதற்கு முழுதாகப் பதில் சொல்வதுதான் முறை. அன்றைக்குக் கார் கிளம்பும் சத்தம் கேட்டபின் சாரதா என் பக்கம் திரும்பி, “நல்ல புள்ளைங்க. எந்த ஊரு, நம்ம பக்கமா?” என்று கேட்டாள். இல்லை, நமக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றேன். சாரதாவிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.