ஏர்பேக் இருந்த இடத்தில் மஞ்சள் துணி

நாள்: 31.08.2025

ஹுமாயூன், வயது 58, த/பெ. அப்சல், கதவு எண் 14/6, இரண்டாவது குறுக்குத் தெரு, தண்டையார்பேட்டை, சென்னை.

நான் மேற்கண்ட விலாசத்தில் மகள் ஃபராவுடன் குடியிருந்து வருகிறேன். இருபத்தொன்பது வருடமாகத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். விம்கோ நகரில் உள்ள கார் பட்டறையின் மேனேஜர் ஜெரி என் மீது கொடுத்த புகார் பற்றிக் காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்டு, நடந்ததைச் சொல்கிறேன்.

ஃபரா காத்திவாக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். தன் காரில்தான் தினமும் போய்வருவாள். கடந்த ஜூன் 11ஆம் தேதி காலை எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னால் போன கன்டெய்னர் லாரி, பிரேக் விளக்கு எரியாமல் திடீரென நின்றதில், அவள் கார் அதன் பின்னால் மோதியது. ஸ்டீரிங்கில் இருந்த ஏர்பேக் விரிந்து முகத்தைத் தாங்கியதால் முகவாயில் சிராய்ப்போடு தப்பினாள். அந்தப் பை இல்லையென்றால் அன்றைக்கே எனக்கு மகள் இல்லை.

அதன் பிறகு இன்சூரன்ஸ்காரர்கள் கைகாட்டிய மேற்படி பட்டறையில் வண்டியை விட்டோம். ஜூலை 19ஆம் தேதி எடுக்கப் போனபோது, வண்டியைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே, வேலை திருப்தியாக இருக்கிறது என்று அச்சடித்த தாளில் ஃபராவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பில்லில் புது ஏர்பேக் என்று போட்டிருந்தது. கழற்றிய பழைய சாமான்களைக் காட்டச் சொன்னேன். கேட்பதற்கு எங்களுக்கு உரிமை உண்டு. ஜெரி, "அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் பூட்ச்சு பாய்" என்றார். நானும் விட்டுவிட்டேன். விட்டது என் புத்திகெட்டத்தனம்.

அதன் பிறகு நேற்று, 30ஆம் தேதி காலை, தெருவுக்குள் தண்ணீர் லாரி வர வழி இல்லாததால், "அத்தா, வண்டியக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்று ஃபரா சாவியைக் கொடுத்தாள். பழுதுபார்த்து வந்த பின் அந்த சீட்டில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. கிரேனில் சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒரு தடவை எரிந்து அணைகிறதா என்று பார்க்காமல் நாங்கள் கொக்கியை அசைக்க மாட்டோம். அப்போது எரியாத விளக்கு ஆபத்து வந்தாலும் எரியாது. அந்தப் பழக்கத்தில் பார்த்ததில், ஏர்பேக் விளக்கு மட்டும் எரியவே இல்லை. மூன்று தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தேன்.

அப்படியே வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப் போய் ஜெரியிடம் சொன்னேன். "லைட்டு எரிஞ்சாதான் பாய் பேஜாரு. எரியலன்னா சோக்கா கீதுன்னு அர்த்தம்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். ஸ்டீரிங்கைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். "அதான் உங்க பொண்ணு கையெழுத்து போட்டுக்கீதே, இன்னும் இன்னா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு நான், ஏர்பேக் தவறி வெடித்துவிடாமல் இருக்க பேட்டரி வயரைக் கழற்றி, கால் மணி நேரம் பொறுத்திருந்து, ஸ்டீரிங் மூடியை ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்தேன். மூடியைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஏர்பேக் இல்லை. பாலிஷ் போடும் மஞ்சள் துணியை நாலாக மடித்துத் திணித்திருந்தார்கள்.

அந்தத் துணியோடு உள்ளே போய் ஜெரியின் சட்டையைப் பிடித்து, "உன் வூட்டுப் பொண்ணு ஓட்டுற வண்டின்னா இத்த வெப்பியாடா?" என்று கேட்டது உண்மை. பிடித்து உலுக்கியதில் மேஜைக் கண்ணாடி உடைந்ததும் உண்மை. அதற்காக நான் வருத்தப்படவில்லை. அவரை அடிக்கவில்லை. கொலை மிரட்டல் விட்டேன் என்பது பொய்.

இதில் எனக்கு என்ன நஷ்டம் என்று விசாரணையில் கேட்டீர்கள். ஜெரியும் அதையேதான் கேட்டார். வண்டி நன்றாகத்தான் ஓடியது, எங்கும் மோதவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. நாற்பத்திரண்டு நாள் என் மகள் நெஞ்சுக்கு நேரே ஒரு துடைக்கிற துணியை வைத்துக்கொண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் போய்வந்திருக்கிறாள். அவள் சாகவில்லை. ஆகையால் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. இதையும் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளவும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். என் வாயால் சொன்னதுதான், அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஹுமாயூன்