ஒரு பக்கம் மட்டும் புது ரப்பர்

மாப்பிள்ளை: தள்ளி நில்லுங்க அத்தை... இன்னொரு தடவ ஓட்டிப் பாக்குறேன்.

அத்தை: ஐயோ, நிறுத்துங்க மாப்ள! குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்குது.

மாப்பிள்ளை: மத்தியானம் போட்டி. இந்த ரிமோட் ஹெலிகாப்டர் இன்னிக்கா காலை வாரணும்?

அத்தை: எறக்கை சரியில்லையோ?

மாப்பிள்ளை: ரெண்டையும் தராசுல வெச்சாச்சு. ஒரே எடை.

அத்தை: நடுத்தண்டு வளைஞ்சிருக்குமோ?

மாப்பிள்ளை: உருட்டிப் பாத்தேன், நேராத்தான் இருக்கு. பாக்கி டேம்பர்தான்.

அத்தை: ம்...

மாப்பிள்ளை: எறக்கைய மாட்டுற தலை இருக்குல்ல, அதுக்குள்ள ரெண்டு பக்கமும் ஒரு ரப்பர் வளையம். அதிர்வத் தாங்க. அது கெட்டா இப்படித்தான். கழட்டுறேன்... ஸ்குரூ விழும், கையக் காட்டுங்க.

அத்தை: நான் போய் காபி...

மாப்பிள்ளை: காபி அப்புறம். அட!

அத்தை: என்ன அட?

மாப்பிள்ளை: இந்தப் பக்கம் பழசு, நைஞ்சுபோயிருக்கு. அந்தப் பக்கம் புத்தம் புதுசு, கல்லு மாதிரி. ஒண்ணு அமுங்குது, ஒண்ணு அமுங்க மாட்டேங்குது. ஆடாம என்ன செய்யும்? ஆனா நான் எதையும் மாத்தலையே!

அத்தை: எலி கடிச்சிருக்கும்.

மாப்பிள்ளை: கடிச்சுட்டு, புதுசு வாங்கி மாட்டி, கிரீஸும் தடவிட்டுப் போயிருக்கு. பொறுப்பான எலி.

அத்தை: கிண்டலா? ரெண்டும் ஒரே மாதிரி போட்டா நின்னுடுமா?

மாப்பிள்ளை: பெட்டியில ஒரு ஜோடி இருக்கு... இருங்க... ஆங், மாட்டியாச்சு. இப்ப பாருங்க.

அத்தை: அடேங்கப்பா, ஆணி அடிச்ச மாதிரி நிக்குதே! இடது பக்கம் சாய்ச்சுப் பாருங்க மாப்ள, அங்கதான் ரொம்ப உதறும்.

மாப்பிள்ளை: அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அத்தை: அடுப்புல பால் வெச்சிருக்கேன், பொங்கிடும்...

மாப்பிள்ளை: அத்தை?

அத்தை: நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுறீங்க. வீட்டுல சுவத்தையா பாத்துட்டு இருக்கிறது? ஒரு நாள் மைதானத்துக்குக் கொண்டுபோய்ச் சும்மா தூக்கினேன்... அப்புறம் விட முடியல.

மாப்பிள்ளை: அப்போ இந்த ரப்பர்?

அத்தை: போன வாரம் தடால்னு எறக்கிட்டேன். பிஞ்சுடுச்சு. நானே வாங்கி மாட்டினேன். ஜோடியா மாத்தணும்னு அந்தக் கடைக்காரன் வாயே தொறக்கல!

மாப்பிள்ளை: தனியாவா மாட்டினீங்க?

அத்தை: தையல் மெஷினையே அக்கு அக்கா பிரிக்கிறவ நான். மாப்ள, உங்க பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இந்த வயசுல உனக்கெதுக்கும்மான்னு கத்துவா. இனிமே தொடவே மாட்டேன்.

மாப்பிள்ளை: தொடாம எப்படிப் போட்டியில ஓட்டுவீங்க? நீங்க தலைகீழா பறக்க விட்டத மைதானத்து வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டு, "உங்க பேரு வேண்டாங்க, எங்கம்மா பேரக் குடுங்க"ன்னு பதிவு பண்ண வெச்சதே உங்க பொண்ணுதான்.