சுழியம் போட்ட வரி

இல்ல மேடம், கோளாறுன்னு எழுதாதீங்க. கோளாறுன்னா எதாவது உடைஞ்சிருக்கணும். இங்க எதுவும் உடையல. அப்டேட் வந்துச்சு, அவ்ளோதான். அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

விசாரணைக் குழுன்னதும் நாலு பேர் வருவீங்கன்னு நினைச்சேன். ஒருத்தர்தானா? நல்லது, டம்ளர் ரெண்டுதான் இருக்கு.

நான் இந்த யுனிவர்சிட்டில கணக்குத் துறையோட கம்ப்யூட்டரையெல்லாம் பாத்துக்கறவன். புரொஃபசருங்க ஸ்லைடு ஓடலைன்னா என்கிட்ட ஓடி வருவாங்க. நம்மள மாதிரி மவுஸால இழுத்துப் பண்றதெல்லாம் அவங்களுக்குக் கௌரவக் குறைச்சல். எல்லாம் கட்டளைதான். இந்த வார்த்தையைத் தடியாக்கு, அந்த வரியைச் சாய்னு எழுதுவாங்க. பக்கத்துல ஒரு குட்டி எண்ணும் வைக்கலாம். ரெண்டுன்னு வச்சா, ரெண்டாவது தடவை பட்டனைத் தட்டினாத்தான் அந்த வரி திரைக்கு வரும். சுழியம்னு வச்சா, விடிய விடியத் தட்டினாலும் வராது.

எங்க துறைத்தலைவர் எதையும் அழிக்க மாட்டார். வேண்டாத வரிக்கெல்லாம் ஒரு சுழியம். அழிச்சா திரும்ப டைப் அடிக்கணுமே.

அந்த ஸ்லைடு சாஃப்ட்வேருக்கு வந்த இந்த அப்டேட் என்ன பண்ணிச்சுன்னா, அந்தக் குட்டி எண்ணை மதிக்கறதையே நிறுத்திடுச்சு. தடியாக்கச் சொன்னியா, ஆக்கிட்டேன், எப்போன்னெல்லாம் என்னைக் கேக்காதேங்குது.

அன்னிக்கு அவரோட விருது உரை. அரங்கம் நிறைஞ்சு கிடக்கு. மூணாவது ஸ்லைடுல தடித்தடியா வருது, இங்கே தண்ணீர் குடிக்கவும்னு. அஞ்சாவதுல, யாராவது கேள்வி கேட்டால் புன்னகைக்கவும், பதில் தெரியாதுன்னு. பின்வரிசைல ஒருத்தருக்குச் சிரிச்சு சிரிச்சு விக்கலே வந்துடுச்சு. இவர் நிறுத்துவாரா? திரையைத் திரும்பிப் பாக்காமப் பேசறதுதானே அவருக்குப் பெருமை. சபை தன்னை ரசிக்குதுன்னு நினைச்சுட்டார்.

பன்னெண்டாவதுல அந்தத் தேற்றம். விருது வாங்கித் தந்ததே அதுதான். அதுக்குக் கீழ, முழங்கைத் தடிமனுக்கு ஒரு வரி. நிரூபணம் இன்னாருடையது, ஆராய்ச்சி மாணவின்னு பேரும் வருஷமும். அப்புறம் ஒருத்தரும் சிரிக்கல.

ஆமா, அந்த ஸ்லைடு அந்தப் பொண்ணு பண்ணினதுதான். ஆறு வருஷம் ஆச்சு. இவர் அப்படியே எடுத்துக்கிட்டு, பேருக்குச் சுழியம் போட்டார். போய்க் கேட்டதுக்கு, ஆதாரம் இருக்காம்மான்னு கேட்டிருக்கார். அவ படிப்பைப் பாதில விட்டுட்டா.

உள்ள பேர் இருக்கறது எனக்கெப்படித் தெரியுமா? போன மாசம் அந்த ஃபைலை என்கிட்டதானே குடுத்தார், எழுத்தைப் பெருசாக்கிக் குடுன்னு.

அப்டேட்டா? அது தானா வரும் மேடம்.

சரி, தானா வராது. மூணு மாசமா நான்தான் தடுத்து வச்சிருந்தேன். அன்னிக்குக் காலைல நான்தான் போட்டேன். முந்தின நாளே என் மெஷின்ல ஓட்டிப் பாத்தாச்சு. பன்னெண்டாவது ரொம்ப அழகா வந்துச்சு. எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடறேன். வேலை போனாப் போகட்டும்.

அவளா? நல்லா இருக்கா. காலைல என்னை பஸ் ஏத்திவிட்டதே அவதான். எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாச்சு. உங்க அறிக்கைல தன் பேர் வருமான்னு கேட்டா.

தடிச்ச எழுத்துலயே போட்டுடுங்க மேடம். பக்கத்துல எண் எதுவும் வேணாம்.